தறிக்குழித் தண்ணீர்

“கொசுப்புழு ஒழிப்புக் களப்பணியாளர். தற்காலிகம். திறன் தேவைப்படாத பணி. மேற்பார்வையாளர் காட்டும் இடத்தில், கொடுத்த மருந்தை, கொடுத்த அளவில் ஊற்ற வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. நோய் குறித்துக் கருத்துத் தெரிவித்தல் இப்பணியில் அடங்காது.”

கிரேஸின் பணி ஆணையில் இப்படித்தான் எழுதியிருந்தது. படிக்கத் தெரிய வேண்டாம் என்பதை அவர் படித்துத்தான் தெரிந்துகொண்டார்.

அவர் திருப்புட்குழிக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். கிரேஸ் பன்னிரண்டாம் வகுப்பு வரை போய், உயிரியலில் இருநூற்றுக்கு நூற்று நாற்பத்தொன்று வாங்கினார். அந்த நூற்று நாற்பத்தொன்றை வைத்து என்ன செய்வது என்று சொல்வதற்கு ஊரில் ஆள் இல்லாததால், ஷேர் ஆட்டோ ஓட்டும் தேவசகாயத்தைக் கல்யாணம் செய்துகொண்டார். பஜ்ஜி சுற்றி வந்த காகிதம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாள், பக்கத்து இருக்கைக்காரரின் செய்தித்தாள் என்று எது கண்ணில் பட்டாலும் படித்துவிடும் பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

நாற்பத்தாறு வயதில் அவருடைய ராஜ்ஜியம் பிள்ளையார்பாளையத்தில் நான்கு தெருக்கள். தோளில் மருந்து டப்பா, கையில் டார்ச். வாரம் ஒரு முறை ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்து தொட்டி, டிரம், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு எல்லாவற்றிலும் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு, கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டு, “புழு இல்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்; கைப்பேசியில் இருக்கும் ‘ஆப்’ என்ற செயலியிலும் அதையே பதிவார். எழுதத் தெரிய வேண்டாத வேலையில் அவர் வாரத்துக்கு நூற்றைம்பது முறை எழுதினார். ஒரு வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு நின்றுவிட்டதை, தண்ணீர்த் தொட்டி மூடாமல் கிடப்பதை வைத்தே சொல்லிவிடுவார். மூட வேண்டியது யார் என்பதில்தான் எல்லா வீட்டிலும் தகராறு.

அந்த வருஷம் ஐப்பசி மழையோடு அவருடைய நான்கு தெருக்களில் ஒன்றில் காய்ச்சல் வந்தது. முப்பத்தெட்டு வீடுகள் உள்ள தெரு. முப்பத்தைந்து வீட்டில் தறி. பத்து நாளில் ஏழு பேர் படுத்தார்கள். ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. ஏழாவது ஆள் வெங்கடேசன், ஐம்பத்தெட்டு வயது, நல்ல நெசவுக்காரர். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. எழுந்து உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டார். ஐந்தாம் நாள் இறந்துபோனார். மருத்துவமனை கொடுத்த தாளில் காரணம் “இதயச் செயலிழப்பு” என்று இருந்தது. ஆகவே, அரசாங்கக் கணக்கில் அந்தத் தெருவில் காய்ச்சலுக்கு யாரும் பலியாகவில்லை. இதயம் நின்றதால் ஒருவர் இறந்தார், அவ்வளவுதான். இதயம் நிற்காமல் இறந்தவர் யாராவது உண்டா என்று கேட்கும் இடம் அந்தத் தாளில் இல்லை.

சாவுக்குப் போன கிரேஸ் கதவுக்குப் பின்னால் பார்த்தார். அட்டையில் கடைசி ஐந்து வாரமும் அவர் கையெழுத்து இருந்தது. புழு இல்லை. புழு இல்லை. புழு இல்லை. டெங்குக் கொசு நூறு கஜத்துக்கு மேல் அலையாது, நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில்தான் கடிக்கும். இது அவருக்கு அத்துப்படி. அப்படியானால் தண்ணீர் இந்தத் தெருவுக்குள்தான் எங்கோ இருக்கிறது. அதைத் தாண்டித்தான் ஐந்து வாரமாக அவர் நடந்து போயிருக்கிறார். அடுத்த சாவு விழுவதற்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பந்தலில் உட்கார்ந்து அவர் நினைத்தது இது ஒன்றுதான்.

மறுநாள் அவரை வேறு வேலைக்கு அனுப்பினார்கள். மாநகராட்சி அலுவலகத்தில் பழைய ஆவண அறையின் கூரை ஒழுகி, இறப்புப் பதிவேடுகள் நனைந்துவிட்டன. மாடியில் வெயில் வரும்போது விரித்து, தூறும்போது உள்ளே எடுக்க வேண்டும். “படிக்கத் தெரியாத ஆளாப் பாத்துப் போடுங்க, இல்லாட்டி வேலை ஆவாது” என்று மேலே இருந்த யாரோ சொன்னாராம். அவர் சொன்னது சரிதான். கிரேஸ் போன அன்று வேலை ஆகவில்லை.

அவர் கையில் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷத்துப் பதிவேடு. தேதி, பெயர், ஆணா பெண்ணா, வயது, தொழில், தெரு, மரணக் காரணம். காரணத்தில் சுரம், சுரம், பேதி, சுரம், அம்மை, சுரம் என்று போய்க்கொண்டே இருந்தது. மரத்திலிருந்து விழுந்த ஒருவனுக்குக்கூட, விழுந்த பிறகு மூன்று நாள் கிடந்த குற்றத்துக்காக, சுரம் என்று போட்டிருந்தது. ஐப்பசியில் ஒரே பக்கத்தில் இருபத்திரண்டு பெயர்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுதிய குமாஸ்தாவின் கையெழுத்து. கார்த்திகையில் திடீரென்று கையெழுத்தும் பெயரும் மாறின. ஏன் என்று தேடி நாலு பக்கம் புரட்டினால், பழைய குமாஸ்தா உள்ளே இருந்தார்: ஆண், வயது முப்பத்தொன்று, தொழில் குமாஸ்தா, சுரம்.

“கிரேஸ்மா, காய வெக்கச் சொன்னா படிச்சிக்கினு இருக்கீங்க” என்று குரல் கேட்டது. சுகாதார ஆய்வாளர் ஆனந்தராஜ். ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருக்கிற மனிதர். கெட்டவர் இல்லை, நல்லது செய்வதற்கு ஒரு படிவம் இருந்தால் கட்டாயம் செய்வார்.

“சார், அந்தக் காலத்துல எல்லாம் சுரத்துலயே செத்துருக்குறாங்க.”

“இப்ப எல்லாம் இதயத்துல சாவுறாங்க. காலம் முன்னேறிக்கினு போவுதில்ல?”

“வெங்கடேசன் அண்ணன் டெங்குல தான சார் செத்தாரு.”

“எனக்குத் தெரியாதா? பேப்பர்ல இல்லியே. அந்தத் தெருவுல ஒங்க ஆப்புலயும் ஜீரோ, புழுவே இல்லன்னு. நான் ‘வெளியூரிலிருந்து வந்த காய்ச்சல்’னு எழுதிடலாம்னு இருக்குறேன்.”

“ஏழு பேரும் வெளியூருக்கே போவல சார்.”

“காய்ச்சல் வந்துது இல்ல? அது வெளியூர்க் காய்ச்சல்” என்று சொல்லிவிட்டு ஆனந்தராஜ் படியிறங்கிப் போனார்.

கிரேஸ் மறுபடி பதிவேட்டைப் பார்த்தார். சுரம் என்ற ஒரே சொல்லை வைத்து ஒரு ஊரின் சாவையெல்லாம் எழுதி முடித்த அந்தக் குமாஸ்தாவுக்கு நோய் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. ஆனால் இறந்தவர் என்ன வேலை செய்தார் என்பதை ஒரு வரியிலும் அவர் விடவில்லை. நெசவு, நெசவு, கூலி, சாயம், நெசவு. கிரேஸின் கைப்பேசியில் இருக்கும் செயலிக்கு நோய் பற்றி எல்லாம் தெரியும். ஆள் என்ன வேலை செய்கிறார் என்று அது ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் அவர் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டார். பெயர், வயது, தொழில், பகலில் உட்காரும் இடம். கடைசிக் கட்டம் அவருடைய சொந்தச் சரக்கு. கொசு பகலில் கடிக்கிறது என்றால், ஆள் பகலில் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதுதானே கேள்வி?

இரண்டு நாள் விசாரித்தார். அதற்குள் காய்ச்சல் பதினொன்று ஆகியிருந்தது. அதில் பத்துப் பேர் தறியில் உட்கார்கிறவர்கள். பதினோராவது ஆள் மளிகைக் கடைக்காரர்; அவரைப் பார்த்து முதலில் கணக்கு தப்பிவிட்டதோ என்று பயந்தார். விசாரித்தால், அவர் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வெங்கடேசன் தறியோரம் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கப் போட்டுக்கொண்டு, அரசியல் பேசுகிறவர். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. தொழிற்சாலைக்குப் போகிறவர்களுக்கு இல்லை. எல்லாவற்றையும் விட ஒரு வீடு: வீட்டுக்காரர் முழங்கால் ஆப்பரேஷன் செய்துகொண்டதால், குழியை மூடிவிட்டு, இரும்புச் சட்டத்தில் தரைக்கு மேலே தறி போட்டிருக்கும் வீடு. அங்கே மூன்று பேர் நெய்கிறார்கள். மூவரும் கல்லு மாதிரி இருந்தார்கள்.

குழித்தறியில் நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, இடுப்பளவு ஆழமுள்ள குழிக்குள் காலை விட்டு மிதிபலகையை மிதிப்பார். காலை எட்டு மணி முதல் மாலை வரை கால் இரண்டும் இருட்டில் இருக்கும். கடிக்கிற கொசுவுக்கு அதைவிட மரியாதையான விருந்து கிடையாது.

கிரேஸ் நேராகக் குமாரசாமி வீட்டுக்குப் போனார். வெங்கடேசன் வீட்டுக்கு அடுத்த வீடு. அறுபது வயது குமாரசாமி உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் மருமகள் தீபிகா. உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக வரும் கோர்வைப் புடவைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒரு பக்கத்துக் கரைக்கு, ஊடு நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவது தீபிகாவின் வேலை. அவளுக்கு ஏழாம் மாதம். நாடாவைத் தள்ளிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, மறுபடி தள்ளினாள். அவள் காலும் குழிக்குள்தான் இருந்தது.

“தண்ணி எங்கனா தேங்கியிருக்குதா அண்ணா?” என்று கிரேஸ் கேட்டார்.

“இல்லமா. வாரா வாரம் நீதான பாக்குறே.”

“குழிக்குள்ள?”

“குழிக்குள்ள ஏதுமா தண்ணி? சிமெண்ட் பூசுன குழி. ஒரு சொட்டு ஊறாது.”

“ஒரு தடவ எறங்கிப் பாத்துடட்டுமா?”

தறிச் சத்தம் நின்றது. குமாரசாமி, தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகளான பாவின் மேல் கையை வைத்தார், குழந்தையின் தலையில் வைப்பது போல. “புதுப் பாவுமா. பொணச்சி நாலு நாளுதான் ஆவுது. இப்ப வேத்து ஆள் கால் குழியில படக்கூடாது.”

“மாமா, போன மாசம் காலேஜ் பசங்க எறங்கி செல்ஃபி எடுத்துக்கினாங்களே” என்றாள் தீபிகா.

“அது பழைய பாவு! நீ கையப் பாரு.”

குமாரசாமி கிரேஸுக்கு வீட்டு டம்ளரில் டீ கொடுப்பவர். மகன் யுவனின் கல்யாணத்துக்கு வீடு தேடிப் போய்ப் பத்திரிகை வைத்தவர். ஆனாலும் இந்தக் கால் அந்தக் குழியில் இறங்குவது அவருக்கு ஒப்பவில்லை. அது பாவுக்காகவா, கால் எந்தக் காலனியிலிருந்து வந்தது என்பதற்காகவா என்று கேட்டால், பாவுக்காக என்றுதான் சத்தியம் பண்ணுவார். சத்தியம் பொய்யாகவும் இருக்காது, முழுசாகவும் இருக்காது.

“அப்ப தீபிகாவ கொஞ்ச நாளைக்குத் தறியில உக்கார வெக்காதீங்க அண்ணா. பக்கத்து வூட்டுல ஒரு சாவு வுழுந்துருக்குது.”

“கோர்வைக்கு ஆளு? முகூர்த்தப் பொடவமா இது.”

வாசல் வரை வந்த தீபிகா, “அக்கா, எனக்கு ஒண்ணும் ஆவாதில்ல?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். சிரித்தது வாய் மட்டும்தான். கிரேஸ் கொசுவை விரட்டும் களிம்பு ஒரு டியூப் கொடுத்து, பாதம் முதல் முட்டி வரை பூசச் சொன்னார். அதைப் பூசினால் பட்டில் கறை படியும் என்று அன்றைக்கே குமாரசாமி வாங்கிப் பரணில் வைத்துவிட்டது பிறகுதான் தெரிந்தது.

ஆனந்தராஜிடம் நோட்டைக் காட்டினார். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தரம் படித்தார். “நல்லாத்தான்மா இருக்குது. ஆனா ஆப்புல ‘தறிக்குழி’ன்னு ஒரு ஆப்ஷனே இல்லியே. ‘இதர’ன்னு வேணா போடுங்க. அதுக்கும் புழுவப் பாத்தாத்தான் போட முடியும். வூட்டுக்காரன் வேணாம்னா நாம எறங்க முடியாது. புகை மருந்து இன்னொரு தடவ அடிக்கச் சொல்லட்டுமா?”

புகை வண்டி மறுநாள் வந்தது. வழக்கம்போல, வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே முப்பத்தைந்து வீட்டிலும் கதவு ஜன்னல் சாத்தினார்கள், தறி மேல் வேட்டியைப் போட்டு மூடினார்கள். புகை பட்டால் பட்டின் மினுக்குப் போய்விடும். தெருவில் இருந்த கொசு செத்தது. வீட்டுக்குள் இருந்த கொசுவுக்குக் கதவு சாத்தி, போர்வையும் போர்த்தியாயிற்று.

நாலாம் நாள் தீபிகாவுக்குக் காய்ச்சல் கண்டது. நூற்றிரண்டு டிகிரி. யுவன் தொழிற்சாலையிலிருந்து பாதி ஷிஃப்டில் ஓடி வந்து அரசு மருத்துவமனையில் சேர்த்தான். தட்டணுக்கள் முதல் நாள் எண்பதாயிரம், இரண்டாம் நாள் ஐம்பத்திரண்டாயிரம். குழந்தையின் துடிப்பு சரியாக இருக்கிறது, ஆனால் இந்த எண்ணிக்கையில் பிரசவ வலி கிளம்பிவிட்டால் ரத்தத்தை நிறுத்துவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார்.

கிரேஸ் போனபோது குமாரசாமி வீட்டில் தனியாக, ஓடாத தறிக்கு முன்னால் நின்றிருந்தார்.

“யம்மா,” என்றார். “பாவப் பாத்துக்கினு மருமவள வுட்டுட்டேன். எறங்கிப் பாரு.”

கிரேஸ் செருப்பை வாசலில் விட்டார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாவின் மேல் உடம்பு படாமல் பக்கவாட்டில் சறுக்கி, குழிக்குள் இறங்கி மிதிபலகைகளுக்குக் கீழே குனிந்தார். டார்ச் வெளிச்சத்தில் சிமெண்ட் தரை காய்ந்து சுத்தமாக இருந்தது. குமாரசாமி சொன்னது சரி. ஒரு சொட்டும் ஊறவில்லை. ஆனால் கோடி மூலையில், வாயகன்ற மண் சட்டி ஒன்று இருந்தது. முக்கால்வாசி தெளிந்த தண்ணீர். வெளிச்சம் பட்டதும் தண்ணீர் முழுக்க நெளிந்தது.

“அண்ணா, இன்னா இது?”

“எது?”

“இந்தத் தண்ணி.”

“அதுவா? அது சட்டிமா.” குமாரசாமிக்கு நிஜமாகவே புரியவில்லை. “அது எப்பவும் இருக்குமே.”

“தண்ணி தேங்கியிருக்குதான்னு ஆறு வருசமா கேட்டுக்கினு இருக்குறனே.”

“இது எங்கமா தேங்கியிருக்குது? இது தறித் தண்ணி. தெனம் காலைல ஒரு சொம்பு ஊத்துறோமே.”

கிரேஸ் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். முன்பு மண் குழியாக இருந்தபோது, தரை ஈரமே இழையைப் பதமாக வைத்திருந்தது. பிறகு பாம்பு பூரான் வராமலிருக்க, சுகாதாரமாக இருக்கட்டும் என்று எல்லோரும் சிமெண்ட் பூசிக்கொண்டார்கள். சிமெண்டுக் குழியில் ஈரம் இல்லை. மேலே நாள் முழுக்க ஃபேன் ஓடுகிறது. இழை காய்ந்து பட்பட்டென்று அறுந்தது. அதற்கு யாரோ ஒரு புத்திசாலி சட்டியில் தண்ணீர் வைத்தார். தெருவே பார்த்து வைத்தது. மழை கொட்டும் மாதத்தில் அது தேவையா என்று யாரும் யோசிக்கவில்லை. வைத்த சட்டி வைத்தபடி இருந்தது. நாடாவும் மிதிபலகையும் போல அதுவும் தறியில் ஒரு உறுப்பு ஆகிவிட்டது. தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று கேட்டால் எந்த நெசவுக்காரனுக்கும் அது ஞாபகத்துக்கு வராது. ஆறு வருஷமாகக் கேட்டது சரியான கேள்வி, கிடைத்தது உண்மையான பதில். தெருவில் பொய் சொன்னவர் ஒருவரும் இல்லை.

“ஊத்துறது சரி. என்னிக்காவது கொட்டிக் கழுவுனீங்களா அண்ணா?”

“கொட்டறதா? எதுக்கு?”

கிரேஸ் சட்டியைத் தூக்கி மேலே கொடுத்தார். குமாரசாமி வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“இத எல்லார் வூட்லயும் எடுத்துக் கொட்டணும்” என்றார் கிரேஸ்.

“கொட்டலாம். நாளைக்கே மறுபடி வெப்பானுங்கமா. இழை அறுந்தா ஒவ்வொண்ணா முடி போட்டு யாரு மாரடிக்கிறது? சட்டிய எடுக்கச் சொன்னா, தறிய எடுக்கச் சொல்ற மாதிரி.”

அது நியாயம். எடு என்று மட்டும் சொன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்ததாக அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். கிரேஸ் சட்டியைப் பார்த்தபடி யோசித்தார். கல்லறைத் திருநாள் போய்ப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அன்று அவர்கள் கல்லறைத் தோட்டத்தில் பூ வைக்கும் ஜாடி ஒவ்வொன்றிலும் வாய் விளிம்பு வரை மணல் போட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவார்கள். பூ வாடாது. மேலே தண்ணீர் நிற்காது. முட்டையிட வருகிற கொசு மணலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும்.

“அண்ணா, சட்டி நெறைய மணலு. அதுமேல தெனம் ஒரு சொம்பு தண்ணி. ஈரம் இருக்கும், தண்ணி இருக்காது.”

“எங்க பாத்தே?”

“எங்க கல்லறைல.”

குமாரசாமியின் கண் அகன்றது. “கல்லறை மணலா?”

“மணல அங்கருந்து எடுத்துக்கினு வரலண்ணா. யோசனைய மட்டும் எடுத்துக்கினு வந்தேன்.”

இரண்டு நாளாகச் சிரிக்காத குமாரசாமி சிரித்துவிட்டார். சிரித்ததற்கு வெட்கப்பட்டு, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மணல் கிடைப்பது கஷ்டமாக இல்லை. நாலு வீடு தள்ளி மாடி கட்டப் போட்டிருந்த குவியல், வீட்டுக்காரர் ஊரில் இல்லாததால் மழையில் கரைந்துகொண்டிருந்தது. குமாரசாமி அவருக்குப் போன் போட்டார்; அனுமதி கேட்கவில்லை, எடுக்கிறோம் என்று சொன்னார். பிறகு கிரேஸுக்கு முன்னால் வீடு வீடாக நடந்தார். இரண்டாம் வீட்டிலேயே புதுப் பாவு என்று தடுத்தார்கள்.

“என் குழில எறங்கிட்டா. ஒன் குழி இன்னா, கோயில் குளமா?” என்றார் குமாரசாமி. “வழி வுடுயா.”

ஒவ்வொரு வீட்டிலும் ஒரே மாதிரிதான். தறியை வேட்டி போட்டு மூடுவார்கள். கிரேஸ் இறங்கிச் சட்டியை எடுத்து, வாசலில் கவிழ்த்து, ஓரங்களில் ஒட்டியிருக்கும் முட்டை போகத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, மணல் நிரப்பி, மறுபடி இறக்கி வைப்பார். பிறகு குழிக்குள் மட்டும் கைப்பம்பால் மருந்து அடிப்பார். ஆனந்தராஜ் அந்த மருந்தை ஒரு படிவமும் இல்லாமல் கொடுத்தார். கொடுத்துவிட்டு, “மணலுன்னு எங்கியும் எழுதிடாதீங்கமா, ஆடிட்ல கேப்பான்” என்று கேட்டுக்கொண்டார்.

வெங்கடேசன் வீட்டில் தறி அவிழ்க்காமல் அப்படியே நின்றது. அவர் மனைவி செல்லியம்மாள் குழி விளிம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இங்கேதான் சட்டியில் தண்ணீர் விளிம்பு வரை இருந்தது.

“அவரு போன பொறவும் தெனம் ஊத்திக்கினுதான் இருந்தேன்” என்றார் செல்லியம்மாள். “எதுக்கு ஊத்துனேன்னு கேக்காத. கை தானாப் போயிடுச்சு.”

கிரேஸ் சட்டியைக் கீழே வைத்தார். “யக்கா, கதவு அட்டைல புழு இல்லன்னு எழுதுனது நான்தான்.”

“நீ கேட்டே. அவரு இல்லன்னாரு. ஒன்னியச் சொல்றதா, அவரச் சொல்றதா?” செல்லியம்மாள் எழுந்து, தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு வந்தார். “குடு, இத நானே தேய்க்கிறேன்.”

ஐந்து நாளில் தெரு முடிந்தது. அந்த ஐந்து நாளுக்குள் இன்னும் மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்தது. முன்பே கடிபட்டவர்கள் அவர்கள். உடம்புக்குள் போன நோய் வெளியே தெரிய ஒரு வாரம் ஆகும் என்று கிரேஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தார். முன்கூட்டிச் சொன்னதை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

“மணலு போட்டா கொசு போயிடும்னாங்க. கொசுக்கு பீச் கட்டிக் குடுத்துக்கினு இருக்குதுபா இந்தம்மா” என்று டீக்கடையில் ஒருவர் சொன்னது காதில் விழும்படிதான் சொல்லப்பட்டது.

“சுண்டலும் விப்பேன், வாங்கிக்கோ” என்று சொல்லிவிட்டுக் கிரேஸ் நடந்தார். நாலு அடி நடந்த பிறகுதான் சந்தேகம் வந்தது. ஒருவேளை சட்டி இல்லையென்றால்?

மருத்துவமனையில் தீபிகாவின் எண்ணிக்கை மூன்றாம் நாள் முப்பத்தொன்றாயிரம், நாலாம் நாள் இருபத்தெட்டாயிரம். அன்று குமாரசாமி சாப்பிடவில்லை. யுவன் ரத்தம் கொடுக்க ஆறு நண்பர்களை வரிசையில் உட்கார வைத்திருந்தான். ஐந்தாம் நாள் காலை, இருபத்தொன்பதாயிரம். ஓர் ஆயிரம்தான் ஏறியிருந்தது. இருந்தாலும் எண் ஏறியதைப் பார்த்த டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் நாற்பத்தாறு. அதற்கு அடுத்த நாள் தொண்ணூறு. ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. ஆறு நண்பர்களும் யுவன் செலவில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

கிரேஸ் வார்டுக்குப் போனபோது தீபிகா ஒருக்களித்துப் படுத்து ஆரஞ்சுச் சுளையை உரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, கொழந்த செம ஒதை ஒதைக்குது.”

“ஒதைக்கட்டும். ஒங்க மாமா மேல கோவமா இருக்கும்.”

“மாமா அந்தக் களிம்பைப் பரண்லருந்து எடுத்து, தெனம் அவரு காலுக்குப் பூசிக்கினு நெய்றாராம். பொடவைல ஒரு கறையும் இல்லியாம். யுவன் சொன்னாரு.” தீபிகா பாதிச் சுளையை நீட்டினாள். கிரேஸ் வாங்கித் தின்றார். மூன்று வாரத்தில் வாய்க்கு ருசி தெரிந்த முதல் பண்டம் அது.

அதற்குப் பிறகு தெருவில் ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. மழை விட்டபாடில்லை, ஆனாலும் வரவில்லை. மூன்றாம் வாரம் ஆனந்தராஜ் அறிக்கை எழுதி முடித்து, தட்டச்சுப் பிழை இருக்கிறதா என்று பார்க்கக் கிரேஸிடமே கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரிய வேண்டாதவரிடம் அலுவலகத்தில் எல்லோரும் இப்போது அப்படித்தான் கொடுக்கிறார்கள். “தீவிரப் புகை மருந்து அடிப்பினாலும் பொதுமக்கள் ஒத்துழைப்பினாலும் நோய்ப் பரவல் கட்டுப்படுத்தப்பட்டது” என்று இருந்தது.

“தப்பா நெனைக்காதீங்கமா,” என்றார் ஆனந்தராஜ். “மணலுக்குப் படிவம் இல்ல.”

கிரேஸ் இரண்டு ஒற்று திருத்திக் கொடுத்துவிட்டு, மத்தியானம் வீட்டுக்குப் போய், தேவசகாயம் எழுப்பும் வரை தூங்கினார்.

அந்த ஐந்து நாளில் கிரேஸ் ஐம்பத்திரண்டு தறிக்குழிகளில் இறங்கி, நாற்பத்தொரு சட்டிகளைக் கவிழ்த்து, கழுவி, மணல் நிரப்பி வைத்தார்.